"ஹோல்ட் யுவர் ஹார்சஸ்" என்று நீ சொன்ன நாள்

தாம்பரம் ஸ்டேஷனில் உன்னையும் பெனிட்டாவையும் திருச்சி வண்டியில் ஏற்றிவிட்டு நானும் உன் அப்பாவும் இரும்புலியூருக்கு நடந்தே திரும்பினோம். ஆட்டோ பிடிக்கலாம் என்றேன். வேண்டாம், காலார நடக்கலாம் என்றார். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே ஏதேதோ சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. இன்று காலை அவர் டிப்போவுக்குக் கிளம்பிப் போன பிறகு வீடு அப்படியே கிடக்கிறது. கூடத்தில் வாடகை நாற்காலிகள் அடுக்கியபடி நிற்கின்றன. கல்யாணத்தில் மிஞ்சிய பூந்தி ஒரு தூக்கு நிறைய இருக்கிறது. எதையும் எடுத்து வைக்கத் தோன்றவில்லை. உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எழுதக் காரணம் பெனிட்டாதான். வண்டி கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் ஒன்று கேட்டாளே, ஞாபகம் இருக்கிறதா? "அத்தை, பேச்சு நின்னா இவரு 'ஹோல்ட் யுவர் ஹார்சஸ்'னு சொல்லிட்டு சிரிக்கிறாரு. இத எங்கருந்து புடிச்சாரு?" என்றாள். நீ என் பக்கம் கையைக் காட்டி, அம்மாவையே கேட்டுக்கொள் என்றாய். நான் வாயெடுப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அதனால் அவளுக்குச் சொல்ல வேண்டியதை உனக்கு எழுதுகிறேன். பாதி உனக்குத் தெரிந்தது, மீதி உனக்குத் தெரியாதது. படித்துவிட்டு அவளிடம் கொடு.

உனக்குப் பிரபாகர் என்று பேர் வைத்தபோது, அந்தப் பேரே உன் வாயில் மாட்டிக்கொண்டு நிற்கப்போகிறது என்று யாருக்குத் தெரியும்? நான்கு வயதுவரை நன்றாகத்தான் பேசினாய். அதற்குப் பிறகு எப்போது தொடங்கியது என்று எங்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. 'ப' வந்தால் நிற்கும், 'க' வந்தால் நிற்கும். உதடு மூடியபடி இருக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், கண் எங்கேயாவது மூலையைப் பார்க்கும். சொல் மட்டும் வராது. பாட்டு மட்டும் தங்கு தடையில்லாமல் வரும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லாரோடும் சேர்ந்து நீ பாடுவதைக் கேட்டவர்கள், இந்தப் பிள்ளைக்குத் திக்குவாய் என்றால் நம்ப மாட்டார்கள். டாக்டரிடம் காட்டினோம், வளர வளரச் சரியாகிவிடும் என்றார். ஜெபம் பண்ணினோம். ஒரு சித்தி, நாக்குக்கு அடியில் வசம்பு தடவச் சொன்னாள்; தடவினேன், நீ வாந்தி எடுத்தாய்.

உன்னைக் கடைக்கு அனுப்பினால் கடுகு வாங்கி வரச் சொன்ன இடத்தில் சீரகம் வாங்கி வருவாய். பருப்பு கேட்டால் உளுந்து வரும். கவனமில்லாத பிள்ளை என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கடைக்காரரே சொன்னார்: "அவன் வந்து நிப்பான்மா. வாயத் தொறப்பான். பின்னால நிக்கிறவங்க 'சீக்கிரம்பா'ன்னுவாங்க. உடனே வேற எதையாச்சும் கேட்டு வாங்கிக்கினு போயிடுவான்." உனக்கு எது வேண்டும் என்பதை நீ சொல்லவில்லை, எதைச் சொல்ல வருமோ அதை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாய். அன்று சமையலறையில் அந்தச் சீரகப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதது உனக்குத் தெரியாது. ஆறு வயதுப் பிள்ளை தனக்கு வேண்டியதை விட்டுவிட்டு, வருகிறதை எடுத்துக்கொண்டு போகப் பழகிவிட்டான் என்றால், பெரியவனானால் எதை எதை விட்டுக்கொடுப்பானோ என்று பயமாக இருந்தது.

அப்போது நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். வெளியூருக்குப் பேச நாங்கள்தான் லைன் போட்டுக் கொடுக்க வேண்டும், ட்ரங்க் கால் காலம் அது. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி மெட்ராஸுக்குள் போய், தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் நாள் முழுவதும் காதில் அடுத்தவர்களின் குரல்தான். பம்பாயில் இருக்கும் மகனை முதல் தடவை போனில் பிடித்த தாய்மார்கள் பேசவே மாட்டார்கள். லைனில் மூச்சுதான் கேட்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அவசரப்பட்டு, "பேசுங்க, பேசுங்க" என்று குறுக்கே புகுந்துவிடுவேன். போகப் போகத்தான் புரிந்தது, சத்தம் இல்லை என்றால் லைன் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. அந்தப் பக்கம் ஆள் இருக்கிறார், பேசத்தான் போகிறார். நாம் பிளக்கைப் பிடுங்காமல் இருந்தால் போதும்.

எனக்குச் சம்பளம் கொடுத்து இதைப் பழக்கினார்கள். உன் அப்பாவுக்குப் பழக்கியது நேர்மாறான வேலை. பம்மலில் பிறந்து வளர்ந்து கண்டக்டரானவர். நெரிசல் பஸ்ஸில் ஒருவர் "குரோ" என்று தொடங்கும்போதே குரோம்பேட்டை டிக்கெட்டைக் கிழித்து நீட்டிவிடுவார். "பல்" என்றால் பல்லாவரம். யாரும் வாக்கியத்தை முடிக்கும்வரை காத்திருந்தால் அடுத்த ஸ்டாப் வந்துவிடும். வீட்டிலும் அதே பழக்கம். நீ வாயைத் திறந்தால் போதும், மீதியை அவர் சொல்லிவிடுவார். பாசம்தான். நீ கஷ்டப்படுவதைப் பார்க்கப் பொறுக்காது அவருக்கு. நீ மாட்டிக்கொண்டு தவிக்கும்போது அவருடைய உதடும் சேர்ந்து துடிக்கும். சொல்லை எடுத்துக் கொடுத்து உன்னைக் கரையேற்றிவிட்டதாக நினைத்துக்கொள்வார். நீயும் அது சரியோ தப்போ, தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாய்.

நான்காம் வகுப்பிலோ ஐந்திலோ, ஒரு சாயங்காலம் பையைத் தூக்கி எறிந்துவிட்டு, இனிமேல் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று படுத்துக்கொண்டாய். உன் வாயிலிருந்து விஷயத்தை வாங்க ரொம்ப நேரமானது. இங்கிலீஷ் வகுப்பில் பாடம் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். எங்கே மாட்டிக்கொள்ளப் போகிறோமோ என்ற பயத்தில் நீ வரிகளை விழுந்தடித்துக்கொண்டு ஓட்டியிருக்கிறாய். சார் சிரித்தபடியே, "ஹோல்ட் யுவர் ஹார்சஸ், பாய்" என்றிருக்கிறார். மெதுவாக வாசி என்று நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் வகுப்பில் யாருக்கும் அர்த்தம் தெரியாது. குதிரை என்ற ஒரு சொல் மட்டும் பிடிபட்டிருக்கிறது. மத்தியானம் முழுவதும் பையன்கள் உன்னைப் பார்த்துக் கனைத்திருக்கிறார்கள். "அம்மா, ஹார்ஸ்னா நானாம்மா?" என்று நீ கேட்டாய். அந்தக் கேள்வியில் மட்டும் நீ எங்கேயும் நிற்கவில்லை.

எனக்கும் அர்த்தம் தெரியாது. நான் பேசும் இங்கிலீஷ் எக்ஸ்சேஞ்ச் இங்கிலீஷ். 'ஹோல்ட் ஆன் ப்ளீஸ்', 'ஹோல்ட் தி லைன் ப்ளீஸ்' என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிறவளுக்கு, குதிரையை ஏன் ஹோல்ட் பண்ண வேண்டும் என்று விளங்கவில்லை. மறுநாள் எங்கள் சூப்பர்வைசர் டோரத்தி மேடத்திடம் கேட்டேன். பரங்கிமலையிலிருந்து வரும் ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், வாய்த்துடுக்கு ஜாஸ்தி. வண்டியில் பூட்டின குதிரைகள் கிளம்பத் துடிக்கும், ஓட்டுகிறவன் கடிவாளத்தை இழுத்துப் பிடித்துக்கொள்கிறான் இல்லையா, அதுதான் என்றார். அவசரப்படாதே, கொஞ்சம் பொறு, நேரம் வரட்டும் என்று அர்த்தம். முழு விஷயமும் தெரிவதற்குள் முடிவு கட்டுகிறவனிடம் சொல்லலாம். சாப்பாடு வைப்பதற்குள் தட்டில் கை வைக்கும் பிள்ளையிடம் சொல்லலாம். சிநேகிதர்களுக்குள் கேலியாகச் சொல்லிக்கொள்ளலாம். "ஆனா பெரிய ஆபீசர்கிட்ட மட்டும் சொல்லிடாத. அது கொஞ்சம் திமிரான பேச்சு. உன் வேலை போயிடும்" என்று சொல்லிச் சிரித்தார்.

வீட்டுக்கு வரும் ரயிலில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். உட்கார இடம் கிடைக்கவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிண்டி தாண்டியதும் ஒன்று தோன்றியது. அவசரப்படாதே என்று உன்னிடம் சொல்கிறார்கள். நீயா அவசரப்படுகிறாய்? கடையில் உன் பின்னால் நிற்கிறவர்கள் அவசரப்படுகிறார்கள். வகுப்பு அவசரப்படுகிறது. உன் அப்பா அவசரப்படுகிறார். அவர்கள் எல்லாரும் துரத்துவதால்தான் நீ ஓடுகிறாய். அப்படியானால் அந்த வாக்கியத்தை ஆள் மாற்றியல்லவா சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்?

அன்று சாயங்காலம் உன்னை மடியில் இழுத்து உட்காரவைத்துச் சொன்னேன். "டேய் தம்பி, அது உனக்குச் சொல்ல வேண்டியதே இல்லடா. உன் பேச்சைக் கேக்குறவங்க இருக்காங்க இல்ல, அவங்களுக்கு நீ சொல்ல வேண்டியது. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் உங்க குதிரைய கொஞ்சம் புடிச்சு வைங்கன்னு அர்த்தம்." நீ என்னை நம்பாமல் பார்த்தாய். பிறகு மெதுவாக அந்த இங்கிலீஷ் வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தாய். 'ஹ'வில் உனக்குத் தடையே இல்லை. காற்றாக வந்துவிடும் எழுத்து. முழு வாக்கியமும் தண்ணீர் மாதிரி வந்தது. இன்னொரு தடவை சொன்னாய். அன்று படுக்கும்வரை பூனைக்கும் சொன்னாய், குழாய்க்கும் சொன்னாய்.

அன்றுமுதல் வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். பிரபாகர் பேசும்போது யாரும் சொல் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "புள்ள மூச்சு முட்டி நிக்கறான், சும்மா பாத்துக்கினு இருக்கச் சொல்றியா? உனுக்கு இன்னா கல்லு மனசா?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். எனக்கும் உள்ளுக்குள் ஆட்டம்தான். பெற்ற பிள்ளை ஒரு சொல்லுக்குத் தவிக்கும்போது, அந்தச் சொல் நம் நாக்கு நுனியில் இருந்தும் நாம் வாயை மூடிக்கொண்டு அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றால் லேசான காரியமில்லை. உனக்குப் பிள்ளை பிறந்தால் தெரியும்.

அப்பாவை மாற்றியது நானில்லை, ஒரு பாம்பு. நீ மறந்திருக்க மாட்டாய், பெனிட்டாவுக்காக எழுதுகிறேன். அப்போது நம் வீட்டுக்குப் பின்னால் ஏரிக்கரைவரை முட்புதர்தான், மழைக்காலத்தில் எது வேண்டுமானாலும் உள்ளே வரும். ஒரு விடுமுறை நாள். அப்பா கூடத்தில் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நீ குளியலறையிலிருந்து ஓடி வந்து அவர் எதிரில் நின்றாய். உதடு மூடிக்கொண்டது. "ப்... ப்..." என்றாய். "இன்னாடா, பசிக்குதா?" என்றார். இல்லை என்று தலையை ஆட்டினாய். "பம்பரமா? பக்கெட்டா? பாத்ரூம்ல பல்பு போயிடுச்சா?" என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனார். நீ எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டிக்கொண்டிருந்தாய். நான் சமையலறை வாசலில் நின்று, "கொஞ்சம் இருங்களேன், அவன் சொல்லட்டும்" என்றேன். "பரீட்ச மார்க்கு வந்துச்சா, அதானே?" என்று அவர் கடைசியாக ஒன்றை எடுத்துவிட்டபோது, சொல்லவேண்டிய அவசியமே இல்லாமல் அதுவே கூடத்துக்கு வந்துவிட்டது. நல்ல நீளம். அப்பா கட்டில் மேல் ஏறி நின்றுகொண்டு, தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அது பாட்டுக்குக் கூடத்தைக் கடந்து முன்வாசல் வழியாக இறங்கிப் போனது. அது போன பிறகு நீ நிதானமாக, "பாம்பு" என்றாய்.

நாம் மூன்று பேரும் சிரித்தோம். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாதான் முதலில் சிரிப்பை நிறுத்தினார். கட்டிலை விட்டு இறங்கி உன் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "இனிமே நீ இன்னா சொன்னாலும் நான் வாயத் தொறக்க மாட்டேன்டா. நீயே சொல்லு. எம்மா நேரம் ஆனாலும் சரி" என்றார். உடனே மாறிவிடவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்க ஆரம்பித்தார், அவ்வளவுதான். அதுவே பெரிய விஷயம்.

உன் திக்குவாய் அதனால் போய்விடவில்லை. இதைப் பெனிட்டா தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் நீ கடைக்குப் போனால் கடுகு வந்தது. கொஞ்சம் நேரம் கழித்து வரும், ஆனால் கடுகுதான் வரும்.

பத்தாம் வகுப்பில் உன்னை வினாடி வினா அணியில் சேர்த்தார்கள். உன் ஜோடி ரமேஷ். உனக்குத் தெரியும், அவன் சொல்வான். நீ காகிதத்தில் எழுதித் தள்ளுவாய், அவன் வாசிப்பான். இப்படியே தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று எல்லாப் பள்ளிகளையும் ஜெயித்துக்கொண்டு நகரத்தில் நடந்த இறுதிப் போட்டிக்குப் போய்விட்டீர்கள். அப்பா பணி முடிந்து காக்கிச் சட்டையோடு நேராக அங்கே வந்துவிட்டார். பெரிய ஹால். முன் வரிசைகளில் பட்டணத்துப் பள்ளிகளின் பிள்ளைகள், டை கட்டிக்கொண்டு. நாங்கள் பின்னால் உட்கார்ந்தோம். கடைசியில் உங்களுக்கும் இன்னொரு பள்ளிக்கும் சமமாக வந்து நின்றது. நடத்தியவர் ஒரு விதி சொன்னார். கடைசிக் கேள்விக்கு அணிக்கு ஒருவர் மட்டும் மைக் முன்னால் வர வேண்டும், அதுவரை வாயே திறக்காதவர்தான் வர வேண்டும், காகிதம் பேனா கூடாது. மேடையில் ரமேஷின் முகம் வெளுத்துப் போனது பின்னாலிருந்தே தெரிந்தது. நீ எழுந்து வந்தாய்.

கேள்வி இதுதான்: பேப்பர் என்ற சொல் ஒரு செடியின் பேரிலிருந்து வந்தது, அது என்ன செடி? அவர் கேட்டு முடிப்பதற்குள் உன் பஸ்ஸர் அடித்தது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த நொடியில் உன் உதடு மூடிக்கொண்டதைப் பார்த்தேன். எந்த எழுத்து என்று புரிந்துவிட்டது. அதுவும் இரண்டு தடவை வரும் எழுத்து என்று அப்போது எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் விடை தெரியாது. தெரிந்திருந்தால் ஹாலின் கடைசியிலிருந்து கத்தியிருப்பார். அவர் என் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தார். நடத்தியவர் மணியைக் கையில் எடுத்தார். சீக்கிரம், சீக்கிரம் என்றார். முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். எதிரணிப் பையன் மைக்கை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தான். அடுத்த அணிக்குப் போகிறேன் என்று நடத்தியவர் இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினார்.

நீ அவர் பக்கம் திரும்பினாய். மூடியிருந்த உதட்டைத் தளர்த்தினாய். "ஹோல்ட் யுவர் ஹார்சஸ், சார்" என்றாய். எந்தத் தடையும் இல்லாமல், மைக்கில், ஹால் முழுவதும் கேட்க.

அந்த ஹாலில் கோட் போட்ட பெரிய மனிதர் அவர். டோரத்தி மேடம் சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது. அவர் உன்னையே பார்த்தார். பிறகு தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். ஹாலே சிரித்தது; முன்பு சிரித்த சிரிப்பு வேறு, இது வேறு. அவர் மணியை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உனக்கு வேண்டிய நேரம் கிடைத்தது. நீ மூச்சை உள்ளே இழுத்தாய். வந்தது, நின்றது, மறுபடி வந்தது. "பப்பைரஸ்" என்றாய். கோப்பையை ரமேஷ் தூக்கினான், ரமேஷை நீ தூக்கினாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடம் அப்பா, "எம் புள்ள, எம் புள்ள" என்று சொல்லிக்கொண்டிருந்தார். யார் என்று அவர்கள் கேட்கவே இல்லை.

திரும்பும்போது மின்சார ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். நடந்தது எல்லாம் நாங்கள் பார்த்ததுதான். இருந்தாலும் நீ முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாய். சேத்துப்பட்டில் தொடங்கியது மீனம்பாக்கம் தாண்டியும் முடியவில்லை. நடுநடுவே நின்று நின்று சொன்னாய். அப்பா முன்னால் குனிந்து, முழங்கைகளை முட்டியில் ஊன்றி, புதுக் கதை கேட்கிறவர் போலக் கேட்டுக்கொண்டு வந்தார். அன்று அவர் வாயைப் பொத்திக்கொள்ளவும் இல்லை. தாம்பரத்தில் வண்டி நின்று எல்லாரும் இறங்கிப் போன பிறகும் நீ சொல்லி முடிக்கும்வரை நாங்கள் அந்தப் பெட்டியிலேயே உட்கார்ந்திருந்தோம்.

அதற்குப் பிறகு எல்லாம் வெற்றிதான் என்று எழுதினால் நீயே சிரிப்பாய். முதல் நேர்முகத் தேர்வில் எதிரே இருந்தவர் கேள்வியும் கேட்டு, உனக்காகப் பதிலையும் சொல்லிக்கொண்டார். வீட்டுக்கு வந்து, "அவரு அவரையே இன்டர்வியூ பண்ணிக்கிட்டாரும்மா, பாஸும் ஆயிட்டாரு" என்றாய். ரெண்டு மூன்று இடம் அப்படிப் போனது. திருச்சியில் கல்லூரி வேலை கிடைத்து முதல் வகுப்புக்குப் போன அன்று, எனக்கு எக்ஸ்சேஞ்சில் கை ஓடவில்லை. சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டாய். வகுப்புக்குள் போனதும் பிள்ளைகளிடம், எனக்குச் சில சொற்கள் தாமதமாக வரும், வரும்வரை ஹோல்ட் யுவர் ஹார்சஸ் என்று சொல்லிவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தேன் என்றாய். ஒரு பையன் எழுந்து, நாங்கள் பரீட்சைப் பேப்பர் எழுதும்போது நீங்களும் அப்படியே பொறுத்திருங்கள் சார் என்றானாம். அந்தப் பையனுக்கு நான் ஒரு நாள் சாப்பாடு போட வேண்டும்.

பெனிட்டா, இது உனக்கு. உன்னைப் பார்க்க வந்த அன்று உன் வீட்டில் எல்லாரும் நல்லவர்கள், அதனாலேயே எல்லாரும் அவனுக்குச் சொல் எடுத்துக் கொடுத்தார்கள். நீ மட்டும் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன பாடம் நடத்துகிறீர்கள் என்று கேட்டுவிட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். காபி ஆறிப்போனது. பேருந்தில் திரும்பும்போதே அப்பா என்னிடம், "இந்தப் பொண்ணுதான்" என்றுவிட்டார்.

இனி தம்பி, உனக்கு. உனக்குக் கிடைத்ததை நீ திருப்பிக் கொடுக்க வேண்டும். பெனிட்டாவுக்குத் திக்குவாய் இல்லை, நன்றாகவே பேசுகிறாள். ஆனால் அவளுக்கும் வராத சொற்கள் இருக்கும். வீட்டு ஞாபகம் வந்து மனசு கனத்தால் சொல்லத் தெரியாது. உன்மேல் கோபம் வந்தால் சில நாள் வேறு எதையோ பேசிக்கொண்டிருப்பாள், கடுகுக்குப் பதிலாகச் சீரகம் மாதிரி. அப்போது நீ முந்திக்கொண்டு, இதுதானே உன் பிரச்சினை என்று முடித்து வைக்காதே. படித்தவர்களுக்கு அந்த வியாதி அதிகம். அவள் பக்கத்தில் இரு. பொறுமை என்றால் ஒன்றும் செய்யாமல் இருப்பது என்று நினைக்கிறார்கள். நாள் முழுக்க ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் சொல்கிறேன், அதைவிட முதுகு வலிக்கும் வேலை கிடையாது. இன்னொன்று: கேஸ் தீர்ந்துவிட்டது, புக் பண்ணுங்கள் என்று அவள் சொல்லும்போது அந்த இங்கிலீஷை எடுத்து விடாதே. அதற்கு அர்த்தம் பொறுமை இல்லை, சோம்பேறித்தனம்.

கல்யாணத்துக்கு முதல் நாள் நம் சபை ஆயர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார், உனக்குத் தெரியாது. கோவில் நிறைய ஆட்கள் இருப்பார்கள், பிள்ளை சங்கடப்பட வேண்டாம், நான் வாக்குறுதியை வாசிக்கிறேன், அவர் ஆமென் மட்டும் சொன்னால் போதும் என்றார். அன்பாகத்தான் சொன்னார். நான் யோசிக்கவே இல்லை. "இல்லீங்கய்யா, அவனே சொல்லட்டும். கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர இரவெல்லாம் தூக்கமில்லை. மற்ற எந்தச் சொல்லையும் மாற்றிச் சொல்லலாம், பேரை மாற்ற முடியாது. பிரபாகர் ஆகிய நான், பெனிட்டா ஆகிய உன்னை. இரண்டும் அதே எழுத்து.

ஆயர் வாசித்தார். நீ அவளுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன் பேர் வந்துவிட்டது, கொஞ்சம் உரசிக்கொண்டு. அவள் பேரில் நின்றது. மின்விசிறிகளின் சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். உன் கழுத்து நரம்பைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உன் கையை அழுத்தவில்லை, தலையசைக்கவில்லை, உதட்டை அசைத்துக் காட்டவும் இல்லை. முக்காட்டுக்குள்ளிருந்து நிமிர்ந்து உன்னைப் பார்த்தபடி, அந்தக் கோவிலில் வேறு யாருமே இல்லாதது போல நின்றாள். உலகத்தில் உள்ள நேரமெல்லாம் தன்னுடையது என்பது மாதிரி ஒரு முகம். நீ சொன்னாய். "பெனிட்டா." உடையாமல், முழுசாக. அதற்குப் பிறகு இன்பத்திலும் துன்பத்திலும் என்று போன வரிகளை நீ சொன்ன வேகத்துக்கு ஆயரே பின்தங்கிவிட்டார்.

கோவிலில் கை தட்டுவது நம் வழக்கமில்லை. ஆனால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் அப்பாவின் டிப்போ ஆட்கள். பாதிப் பேர் முதல் தடவையாகக் கோவிலுக்குள் வருகிறவர்கள், சிலர் பணியிலிருந்து காக்கியோடு நேராக வந்தவர்கள். அதில் ஒருவருக்குத் தாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து இரண்டு தடவை ஊதிவிட்டார். வண்டி போகலாம் என்று டிரைவருக்குச் சொல்லும் அதே இரட்டை விசில். கோவில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் வெட்கத்தில் விசிலை வாயிலேயே மறந்துவிட்டு நின்றார். ஆயர் புத்தகத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. பிறகு நிமிர்ந்து, பெனிட்டாவைப் பார்த்து, "அடுத்தது நீங்கம்மா" என்றார்.

சந்தோஷமாக இருங்கள், பிள்ளைகளே.

அம்மா